எனக்கு ஒண்ணும் செய்யல

ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2018 ஜூலை. நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்சியில் வருடாவருடம் நடக்கும் ரத்ததான முகாம் அது. அதற்கு முந்தைய ஆறு வருடமும் கொடுத்திருக்கிறேன். படுத்தோமா, பந்தை அமுக்கினோமா, மாம்பழ ஜூஸைக் குடித்தோமா என்று எழுந்து வந்துவிடுவேன். அந்த வருடம் கையில் பட்டையைக் கட்டிய நர்ஸ் ஒரு தடவை பிரஷர் பார்த்தார். முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இன்னொரு தடவை பார்த்தார். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லி மூன்றாவது தடவையும் பார்த்தார். 168-க்கு 104. "கொடுக்கணும்னா மேல 140, கீழ 90 தாண்டக் கூடாது சார். எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

நான் சிரித்தேன். "எனக்கு ஒண்ணும் செய்யலையேம்மா" என்றேன்.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் உடம்பு நன்றாக இருப்பதை இப்படித்தான் சொல்வோம். ‘என்ன செய்யுது?’ என்றால் எங்கே வலி, என்ன நோவு என்று அர்த்தம். ‘ஒண்ணும் செய்யல’ என்றால் நன்றாக இருக்கிறேன், என்னை விடு என்று அர்த்தம். இது அப்பாவின் வாக்கியம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சீட்டை பைக் டேங்க் கவருக்குள் செருகிவிட்டு, அடுத்த ஏழு மாதம் எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கவில்லை.

அப்பா ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். முள்ளக்காட்டுக்கு அந்தப் பக்கம் அளம். உப்பு வாரத் தொடங்கிவிட்டால் ஐப்பசி மழை வரும்வரை காலை நாலரைக்கே சைக்கிளை எடுத்துவிடுவார். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் பாத்தியைப் பார்த்தாலே கண் கூசும். குவித்து வைத்த அம்பாரங்களை லோடு லோடாகக் கணக்கெழுதுவார். மழைக்கு முன்னால் அவற்றின் மேல் பனை ஓலை வேய ஆள் பிடிப்பார். கோபமே வராத மனிதர். கூலித் தகராறில் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தால்கூட இவர் குரலை உயர்த்தாமல் நோட்டைத் திருப்பிக் காட்டுவார்.

1998-ல் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், "உங்களுக்கு பிரஷர் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். உடம்பில் வெட்டித் திறக்காமலே ரத்தக் குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் பின்சுவர்தான் என்பது எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. அங்கே குழாய்கள் சுருங்கி, நெளிந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 54.

வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. ‘இவருக்கா ரத்தக் கொதிப்பு?’ என்று அத்தை சிரித்தாள். தாத்தாவுக்கு என்றால் நம்பியிருப்பாள். அவர் மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருந்தவர்.

தமிழில் இந்த நோய்க்குக் கொதிப்பு என்று பெயர் வைத்ததே வினையாகிவிட்டது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. கொதிப்பு என்றதும் சூடு, ஆத்திரம், சிவந்த கண் என்றுதான் மனசு போகிறது. ‘எனக்கு பிரஷர் ஏத்தாதே’ என்று நாமும் அதைக் கோபத்துக்கு மறுபெயராகவே வைத்திருக்கிறோம். அதனால் சாந்தமான ஆளுக்கு அது வராது என்று நம்பிக்கை. வந்தாலும் சூடு என்பதால் குளிர்ச்சி கொடுத்தால் போதும் என்று வைத்தியம்: எண்ணெய்க் குளியல், நன்னாரி, மோர். அந்த மோரிலும் உப்பு. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் வேறு. உள்ளே ஒன்றும் கொதிப்பதில்லை. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் படுகிற அழுத்தம் மேல் எண். இரண்டு துடிப்புக்கு நடுவே அது இளைப்பாறும்போது மிச்சம் இருக்கும் அழுத்தம் கீழ் எண். அவ்வளவுதான். கோபப்பட்டால் கொஞ்ச நேரம் ஏறும், மாடிப்படி ஏறினாலும் ஏறும், பிறகு இறங்கிவிடும். இறங்காமல் ஏறியபடியே வருடக்கணக்கில் நிற்பதுதான் நோய். அது நிற்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

அப்பாவுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை அவர் தலைவலித் தைலம் மாதிரி நடத்தினார். பிடரி வலித்தால் ஒன்று போடுவார். வலிக்காவிட்டால் டப்பாவைத் திறக்க மாட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 138 என்று வந்தது. ‘சரியாப் போச்சு’ என்று அதோடு நிறுத்திவிட்டார். அளத்துச் சிநேகிதர் ஒருவர், "வயசோட நூறைக் கூட்டிக்கிடும், அதுதான் உமக்கு நார்மல்" என்று கணக்கும் சொல்லிக் கொடுத்தார். கணக்குப்பிள்ளைக்கு அது பிடித்துப்போனது. அறுபது வயதில் 160 இருந்தால் நார்மல்! இந்தக் கணக்கை இன்றைக்கும் டீக்கடைகளில் கேட்கிறேன். வயதானால் எண் ஏறுவது சகஜம் என்பது உண்மை. ஏறினால் பாதகமில்லை என்பது பொய்.

2006 தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் காபி டம்ளர் அப்பாவின் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவரால் எடுக்க முடியவில்லை. அம்மா ஓடிவந்து, "என்ன செய்யுது?" என்று கேட்டாள். அவர் வழக்கமான பதிலைத்தான் சொல்ல வந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அது குழறிக்கொண்டு வந்தது.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். நாங்கள் ஒரு வாடகை கார் பிடித்து, வாதத்துக்கு எண்ணெய் தடவுகிற ஓர் இடத்துக்கு முதலில் போனோம். பெரியவர்கள் சொன்னார்கள், போனோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதம் என்றால், ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம் என்று இப்போது எனக்குத் தெரியும். வாய் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லையென்றால், பேச்சு குழறினால் எண்ணெயை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். முதல் எழுத்து மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை.

இவ்வளவும் கண்ணெதிரே நடந்தும் நான் அந்தச் சீட்டை டேங்க் கவரில் வைத்திருந்தேன் என்றால், மனுசனுக்குத் தன் உடம்பின் மேல் இருக்கும் நம்பிக்கையை என்னவென்று சொல்வது. 2019 பிப்ரவரியில் வண்டி ஆர்.சி.யைத் தேடப் போன என் மனைவி கையில் அது சிக்கியது. அன்றைக்குச் சாயங்காலமே டாக்டரிடம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே 164-க்கு 100. டாக்டர் அம்மா உடனே மாத்திரை எழுதுவார் என்று நினைத்தேன். அவர், "வீட்டில் மெஷின் வாங்கி ஒரு வாரம் பார்த்து எழுதிட்டு வாங்க" என்றார். சிலருக்கு டாக்டரைக் கண்டாலே எண் ஏறிவிடுமாம், வீட்டில் பார்த்தால் சரியாக இருக்குமாம். சிலருக்கு நேர் எதிர்: கிளினிக்கில் சாதுவாக 128 காட்டிவிட்டு, வேலையிடத்தில் 150-க்குப் போய் நிற்கும். ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து வாழ்நாள் மாத்திரை எழுதுவதும் தப்பு, ஒரு தடவை நன்றாக இருந்ததை வைத்து விட்டுவிடுவதும் தப்பு என்றார். கூடவே சிறுநீர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. எல்லாம் எடுக்கச் சொன்னார். கண்ணையும் பார்க்கச் சொன்னார். கண் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள், மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள் என்றார். வாங்கினேன். என் கை கொஞ்சம் பருமன். கூட வந்த பட்டை இழுத்துப் பிடித்துத்தான் ஒட்டியது. சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் எண் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். கையைச் சுற்றி டேப் வைத்து அளந்து, பெரிய பட்டையைத் தனியாக வாங்கினேன். அதில் மட்டும் ஏழெட்டு பாயிண்ட் குறைந்தது.

அப்புறம் தெரிந்தது, நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட யாரும் எனக்குச் சரியாக பிரஷர் பார்த்ததில்லை என்பது. மாடி ஏறி மூச்சுவாங்க உட்கார்ந்ததும் சட்டை மேலேயே கட்டிப் பார்ப்பார்கள். கால் மேல் கால் போட்டிருப்பேன். கை தொங்கிக்கொண்டிருக்கும். நடுவில், "எங்க வேலை பாக்கீங்க?" என்று பேச்சு வேறு. இது ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும். ஒண்ணுக்கு முட்டிக்கொண்டிருந்தால்கூட ஏறும். முறைப்படி என்றால், காபி, சிகரெட், உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்த நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கையை மேஜை மேல், நெஞ்சு உயரத்துக்கு வைத்து, வெறுங்கையில் பட்டையைக் கட்டி, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை.

ஐந்து நிமிடம் சும்மா இருப்பதுதான் கஷ்டம். முதல் நாள் போனை எடுத்தேன், மனைவி பிடுங்கிக்கொண்டாள். ஏழு நாள், காலையும் மாலையும், தடவைக்கு இரண்டு. மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதினேன். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடச் சொன்னார் டாக்டர். முதல் நாள் பதற்றத்தில் கூடத்தான் வரும். சராசரி 149-க்கு 95. வீட்டில் பார்க்கும்போது 135-க்கு 85 என்பதே எல்லை. கிளினிக்கில் பார்த்தால் 140-க்கு 90. அமெரிக்காவில் 2017-லேயே 130-க்கு 80 என்று கோட்டை இறக்கிவிட்டார்கள். எந்தக் கோட்டை வைத்தாலும் நான் அதற்கு மேலேதான் நின்றேன். சிறுநீரில் புரதம் இல்லை. கண்ணில் ஆரம்ப நிலை மாற்றம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உப்பு பாக்கெட்டின் மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதத் தொடங்கினேன்.

இதை யாரும் சொல்லித் தரவில்லை, கணக்குப்பிள்ளை மகன் புத்தி. வீட்டில் நான், மனைவி, மகள், அம்மா நாலு பேர். ஒரு கிலோ பாக்கெட் 19 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 13 கிராம். மீன் கழுவவும் கொஞ்சம் போயிருக்கும், கழித்துக்கொள்ளலாம். ஆனால் இதில் கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை, கடையில் வாங்கிய காராச்சேவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்கிறது. ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் வீட்டிலும் போட்டுப் பாருங்கள். ஒரு மார்க்கர் பேனா போதும்.

அம்மாவிடம் சொன்னபோது, "ஏல, உப்பில்லாப் பண்டம் குப்பையில. அளத்துச் சோறு தின்னு வளந்த பயலுக்கு உப்பு ஆகாதாம்" என்றாள். அம்மா கண் அளவுக்காரி. கல்லுப்பு ஜாடியில் கையை விட்டால் எவ்வளவு வருகிறதோ அதுதான் அளவு. மகள் கேக் செய்ய வாங்கி வைத்திருந்த சின்ன எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து, "சாம்பாருக்குப் போடுறதை இதுல போடும்மா" என்றேன். "கொஞ்சூண்டுதாம்ல" என்று போட்டாள். 14 கிராம். பிறகு ரசத்துக்கு. பிறகு பொரியலுக்கு. இட்லி மாவுக்குப் போடும் ‘ஒரு கை’ எவ்வளவு என்று பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை. அம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க அய்யாவுக்கும் இப்படித்தான போட்டேன்" என்றாள். நான் தராசை அணைத்து வைத்துவிட்டேன். உப்பு மட்டும் காரணமில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. மாத்திரையை நிறுத்தியது அவர்தான். அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து அம்மாவே கைப்பிடியைக் குறைத்துவிட்டாள். ஒரேயடியாகக் குறைத்தால் யாரும் சாப்பிட மாட்டோம் என்று வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தாள். ஒன்றிரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடுகிறது. இதை நான் நம்பாமல்தான் இருந்தேன். மூன்றாவது மாதம் ஒரு கல்யாண வீட்டுச் சாம்பார் எனக்குக் கடல் தண்ணீராக இருந்தது. புளியும் எலுமிச்சையும் மிளகும் கொத்தமல்லியும் கொஞ்சம் கூடப் போட்டால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரிவதில்லை. மீன் குழம்பு எங்கள் பக்கம் புளியில்தான் நிற்கிறது என்பதால் தப்பித்தது. கருவாடு தப்பிக்கவில்லை. வெந்நீரில் மூன்று தடவை ஊறப்போட்டுக் கொட்டினாலும் அதில் உப்பு மிச்சம் இருக்கத்தான் செய்யும். மாதம் ஒரு தடவை, நெத்திலி, நாலே நாலு. அதற்கு மேல் நானும் சந்நியாசியில்லை.

பாக்கெட் இப்போது 38 நாள் வருகிறது. ஐம்பது வரவில்லை.

இந்துப்பு வாங்கச் சொல்லி நிறையப் பேர் சொல்கிறார்கள். ரோஸ் நிறத்தில், விலை கூடுதலாக. அதுவும் சோடியம் குளோரைடுதான் அண்ணாச்சி, பாறையிலிருந்து வெட்டியது, எங்களுடையது பாத்தியிலிருந்து வாரியது. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பது வேறு. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. பலருக்கு நல்லது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். இளநீரையும் வாழைப்பழத்தையும் அளவில்லாமல் சாப்பிடச் சொல்லும் வாட்ஸ்அப் பண்டிதர்கள் இதைச் சொல்வதில்லை.

நாட்டு மருந்து என்றாலே நான் முகத்தைச் சுளிப்பவன் என்று நினைக்க வேண்டாம். சர்ப்பகந்தி வேர் நிஜமாகவே பிரஷரைக் குறைக்கும். பம்பாயில் இதய மருத்துவராக இருந்த ருஸ்தம் ஜால் வக்கீல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, எழுதி வைத்து, 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் பல வருடம் முக்கியமான பிரஷர் மருந்தாக இருந்தது. பிறகு அது சிலரை மனச்சோர்வில் தள்ளுகிறது என்ற புகார் எழுந்தது, அதைவிடப் பாங்கான மருந்துகளும் வந்தன, பின்னுக்குப் போனது. எனக்கு இதில் பிடித்தது அவர் அளந்து எழுதியதுதான். ஜாடியில் கைவிட்டு எடுத்த அளவில் எந்த வேரையும் நான் விழுங்கத் தயாரில்லை.

நடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ரோச் பூங்காவில் முதலில் ஒரு கூட்டத்தோடு நடந்தேன். நடந்து முடித்ததும் ஆளுக்கு இரண்டு பஜ்ஜியும் ஒரு டீயும். மாதம் முழுக்க நடந்தும் எடை அரைக் கிலோ ஏறியிருந்தது. இப்போது தனியாக, கடற்கரைச் சாலையில், காலையில். இரவில் வேலை முடிந்து வரும் வழியில் நைட் கிளப்பில் நிற்பதையும் விட்டேன். வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் பரோட்டாக் கடை. பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அது மூழ்கச் சால்னா ஊற்றுவார்கள். ஒரு வேளைச் சால்னாவில் ஒரு நாள் உப்பு போய்விடும். 86 கிலோ இருந்தவன் ஒன்றரை வருடத்தில் 79-க்கு வந்தேன். எடையில் ஒரு கிலோ இறங்கினால் மேல் எண்ணில் ஏறக்குறைய ஒரு பாயிண்ட் இறங்கும் என்பார்கள். 1997-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது: காய்கறி, பழம், பருப்பு, கொழுப்புக் குறைந்த பால், மோர் என்று சாப்பாட்டை மட்டும் மாற்றி, பிரஷர் இருந்தவர்களுக்கு மேல் எண்ணைச் சுமார் 11 பாயிண்ட் இறக்கிக் காட்டினார்கள். ஒரு மாத்திரைக்குச் சமம். அதைப் படித்ததும், மாத்திரையே வேண்டாம் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்த ஆசையில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதலில் கொடுத்தது ஆம்லோடிபின், 5 மில்லிகிராம். எண் நன்றாக இறங்கியது. மூன்றாவது வாரம் ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் வரி கணுக்காலில் குழியாகப் பதிந்திருந்தது. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்தது. பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். ஒன்பது நாள். நடக்கிறோம், உப்பைக் குறைத்தாகிவிட்டது, போதாதா என்று ஒரு சமாதானம். அந்த ஒன்பது நாளும் நோட்டில் எதுவும் எழுதவில்லை. பத்தாம் நாள் மனசு கேட்காமல் கட்டிப் பார்த்தால் 156-க்கு 98. அதுவும் ஞாயிறு காலை, நன்றாகத் தூங்கி எழுந்து, மனசும் உடம்பும் லேசாக இருந்த நேரம். ஒண்ணும் செய்யவில்லை எனக்கு. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் புரிந்தது. அவர் அசட்டையாக இருக்கவில்லை. உடம்பு சொன்னதை நம்பினார்.

டாக்டர் திட்டுவார் என்று போனேன். கணுக்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரையில இது வர்றதுதான். மாத்திரை ஒத்துக்கலைன்னா என்கிட்ட வாங்க, மாத்தலாம். நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். டெல்மிசார்டானுக்கு மாற்றினார். சில வாரம் கழித்து கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்த்தார். அந்த வகை மாத்திரைக்கு அது அவசியம். என் ஆபீஸ் நண்பர் எனலாப்ரில் போட்டு மூன்று மாதம் வறட்டு இருமலோடு திரிந்தார், டி.பி. என்று பயந்து எக்ஸ்ரேவரை போனார். அதுவும் மாத்திரையின் வேலைதான், மாற்றியதும் நின்றது. டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருப்பதால்தான், இதை வாசித்துவிட்டு நேரே மெடிக்கலில் போய்ப் பெயர் சொல்லி வாங்கிவிடாதீர்கள் என்கிறேன்.

மெடிக்கல் என்றதும் இன்னொன்று. போன வருடம் பல்வலிக்கு ஒரு வாரம் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டேன். நோட்டில் அந்த வாரம் மட்டும் 140-களாக இருக்கிறது. வலி மாத்திரைகளில் பல, உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றிவிடும். முழங்கால் வலிக்கு மாதக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டே பிரஷர் ஏன் அடங்கவில்லை என்று கேட்கிறவர்கள் எத்தனையோ பேர். வயிற்று உப்பிசத்துக்கு நுரைக்க நுரைக்கக் குடிக்கும் பொடியிலும் சோடியம்தான். நோட்டு இல்லையென்றால் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.

அம்மாவுக்கு இப்போது 75. அவளுக்கும் பிரஷர் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்தது. ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறாள். அம்மாவுக்கு அவள் வரும் நாள் திருவிழா. பட்டையைக் கட்டியதும்தான் மருமகள் புராணத்தைத் தொடங்குவாள். "பாட்டி, பேசாதீங்க, ஏறிரும்" என்று அந்தப் பெண் சொல்ல, "நான் எங்கட்டி பேசுதேன்" என்று பேசுவாள். முதலில் பார்த்தால் 158. ஐந்து நிமிடம் கழித்து 142. அந்தப் பெண் முதல் எண்ணை எழுதாமல் காத்திருக்கிறாள். அந்தப் பொறுமைக்கு அவளுக்குக் கூடுதலாகச் சம்பளம் கொடுக்கலாம். அப்பா காலத்தில் இப்படி ஒருத்தி மாதாமாதம் வாசலில் வந்து நின்றிருந்தால், டப்பா மூடியிருப்பதைப் பார்த்திருப்பாள்.

என் எண் இப்போது 126, 130, 80, 82 என்று நிற்கிறது. தினமும் பார்ப்பதில்லை, தினமும் பார்த்தால் அதுவே ஒரு நோயாகிவிடும். ஞாயிறு காலை மட்டும், டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம் மட்டும் முழுசாக. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர். வருடத்துக்கு ஒரு முறை சிறுநீர், கிரியாட்டினின், கண். மெஷினையும் கூட எடுத்துப் போய் அவருடையதோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன். "அதான் நார்மல் ஆயிடுச்சே, இன்னும் ஏன் மாத்திரை?" என்று கேட்கிறவர்களிடம் அளத்துக் கதையைத்தான் சொல்கிறேன். உப்பு நனையவில்லையே என்று, அடைமழையில் யாராவது அம்பாரத்தின் மேலிருக்கும் ஓலையைப் பிரித்துப் போடுவார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். நான் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "எனக்கும் ஒரு தடவை பாரு மாப்ள" என்று அத்தான் கையை நீட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தேன். 162-க்கு 101. இரண்டாவது தடவை 159-க்கு 99.

"உன் மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார். "எனக்கு ஒண்ணும் செய்யலையே."

அதே மெஷினை என் கையில் கட்டினேன். 128-க்கு 82. அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மெஷினைப் பெட்டியில் போட்டு, புது நோட்டு ஒன்றையும் உள்ளே வைத்து, ஒரு வாரத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. அக்காவிடம் தனியாகவும் சொல்லியிருக்கிறேன், சட்டை மேல கட்ட விடாதே என்று.